சூரிய ஒளியில் பவர் ஸ்டேஷன் நிரம்ப எத்தனை நாள்? கணக்கிடுவது எப்படி?

மும்பை டிராம்பே பகுதியில் உள்ள சீத்தா கேம்ப், தமிழர்கள் பெருமளவில் வாழும் குடியிருப்பு. பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியிலிருந்து 1976-ஆம் ஆண்டு அகற்றப்பட்ட மக்கள் இங்குக் குடியமர்த்தப்பட்டனர். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும் குறுகிய சந்துகளும் நிறைந்த இத்தகைய பகுதிகளில், மின்விசிறி நின்றால் வீட்டுக்குள் இருப்பதே கடினம்.

மும்பையில் நீண்ட மின்தடை அரிதெனினும் புதிதன்று. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானபோது புறநகரின் பல பகுதிகள் இருளில் மூழ்கின. 2020 அக்டோபர் 12 அன்று மின்தொகுப்புக் கோளாறால் நகரின் பெரும்பகுதியில் மின்சாரம் நின்று, புறநகர் ரயில்களும் முடங்கின. இத்தகைய நேரங்களுக்காகவே ‘போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன்’ எனும் கையடக்க மின்சேமிப்புக் கருவியையும் அதற்கான சோலார் பேனலையும் பலர் வாங்குகின்றனர். அக்கருவி வெயிலில் நிரம்ப ஆகும் நேரத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பதைக் காண்போம்.

கொள்ளளவு எவ்வளவு?

கருவியின் கொள்ளளவை ‘வாட் மணி’ அளவில் அறிய வேண்டும். சிலவற்றில் மில்லி ஆம்பியர் மணி மட்டுமே அச்சிடப்பட்டிருக்கும். அதை 1000-ஆல் வகுத்து, மின்கலத்தின் வோல்ட் அளவால் பெருக்கினால் வாட் மணி கிடைக்கும். சான்றாக, 3.7 வோல்ட்டில் 1,35,000 மில்லி ஆம்பியர் மணி என்பது ஏறத்தாழ 500 வாட் மணி.

எளிய வகுத்தல் ஏன் தவறுகிறது?

500 வாட் மணிக் கருவியை 100 வாட் பேனல் 5 மணி நேரத்தில் நிரப்பிவிடும் என்று தோன்றும். ஆனால், 100 வாட் என்பது ஆய்வகத்தில், சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியும் 25 டிகிரி செல்சியஸ் வெப்பமும் உள்ள நிலையில் அளக்கப்பட்டது. மும்பை வெயிலில் பேனலின் வெப்பம் 60 டிகிரியை எட்டக்கூடும். 25 டிகிரிக்கு மேல் கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.3 முதல் 0.4 விழுக்காடு குறையும். தூசி, சாய்வுக் கோணம், மின்மாற்ற இழப்பு ஆகியவற்றையும் சேர்த்தால், அச்சிட்ட அளவில் 70 விழுக்காடு கிடைக்கும் எனக் கொள்வது பொருத்தமானது. எனவே 500-ஐ 70-ஆல் வகுத்தால் சுமார் 7 மணி நேரம்.

இது முழு வெயில் மணி. காலையிலும் மாலையிலும் ஒளி வலுவற்றது என்பதால், பகற்பொழுது முழுவதும் இக்கணக்கில் சேராது. ஒரு நாளின் மொத்த ஒளி எத்தனை மணி நேர முழு வெயிலுக்கு இணையானது என்பதையே பார்க்க வேண்டும். மும்பையில் ஆண்டுச் சராசரியாக இதை 5 மணி எனக் கொள்ளலாம்.

சூத்திரம் இதுவே: கொள்ளளவு ÷ (பேனல் வாட் × 0.7) ÷ முழு வெயில் மணி = நாள்கள்.

* தெளிந்த வானம், 5 மணி: சுமார் ஒன்றரை நாள்.
* மேகம் சூழ்ந்த மழைக்கால நாள், 3 மணி: சுமார் இரண்டரை நாள்.
* இருபுறமும் மாடிகள் மறைக்க, 2 மணி மட்டும்: மூன்றரை நாள்.

கருவியில் ஏற்கெனவே 20 விழுக்காடு மின்சாரம் இருந்தால், 500-க்குப் பதிலாக 400 எனக் கணக்கிட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

பேனலின் செல்கள் தொடராக இணைக்கப்பட்டவை. ஒரு மூலையில் விழும் துணிக்கொடியின் நிழல்கூட உற்பத்தியைப் பெருமளவு குறைத்துவிடும். தகரக் கூரையில் பேனலைப் படுக்க வைக்காமல், அடியில் காற்றோட்டத்துக்கு இடைவெளி விடுவது நல்லது. லித்தியம் மின்கலம் அதிக வெப்பத்தில் மின்னேற்றத்தை நிறுத்திக்கொள்ளும் என்பதால், கருவியை நிழலிலேயே வைக்க வேண்டும்.

கருவியின் உள்ளீட்டு வரம்பு 100 வாட் எனில், 200 வாட் பேனலை இணைத்தாலும் 100 வாட்டுக்கு மேல் ஏறாது. பேனலின் வோல்ட் அளவு கருவியின் வரம்பைத் தாண்டினால் கருவியே பழுதாகலாம். மின்னேறும்போதே 50 வாட் மின்விசிறியை ஓட்டினால், கிடைக்கும் 70 வாட்டில் 20 வாட் மட்டுமே மின்கலத்தைச் சேரும்.

மின்மாற்ற இழப்பு போக, முழுதும் நிரம்பிய 500 வாட் மணிக் கருவியால் ஒரு மின்விசிறியையும் 9 வாட் எல்இடி விளக்கையும் சுமார் 7 மணி நேரம் இயக்கலாம். ஓர் இரவுக்கு அது போதும். ஆனால், மறுநாள் மழை நீடித்தால், அடுத்த இரவுக்குள் அதே பேனலால் கருவியை நிரப்ப இயலாது. மின்சாரம் அதிகம் தேவைப்படும் மழைக்காலத்தில்தான் வெயில் மிகக் குறைவு. ஆகவே, கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வீட்டு மின் இணைப்பிலேயே கருவியை முழுமையாக நிரப்பிவைப்பது பாதுகாப்பானது.

வாங்கிய பின் உங்கள் வீட்டுக்கான சரியான கணக்கை நீங்களே அறியலாம். காலையிலும் மாலையிலும் திரையில் தெரியும் விழுக்காட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 20-லிருந்து 62-ஆக உயர்ந்தால் ஒரு நாள் வரவு 42 விழுக்காடு. வெயில் நாளில் ஒரு முறையும் மேகமூட்ட நாளில் ஒரு முறையும் இவ்வாறு அளந்தால், உங்கள் கூரைக்குரிய விடை கிடைத்துவிடும்.