மாதரைக் காத்தது எது?

நடுவயதில் ஆடவரை மாரடைப்பு வாரிக்கொண்டு போகிறது; அதே வயதுப் பெண்டிரை அவ்வளவாகத் தீண்டுவதில்லை. இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது?

1951-ஆம் ஆண்டு நியூயார்க்கில் டாக்டர் டேவிட் பாரும் அவருடைய தோழர்களும் இரத்தத்திலுள்ள கொழுப்புப் புரதங்களைப் பகுத்துப் பார்த்தனர். இன்று நாம் நற்கொழுப்பு என்று வழங்கும் வகை இளம் பெண்களிடம் மிகுந்திருந்தது. தமனி நோயாளரிடமோ குறைந்திருந்தது. அருமையான கண்டுபிடிப்பு! ஆயினும் மொத்தக் கொலஸ்ட்ராலைப் பற்றிய பேச்சே எங்கும் ஓங்கியிருந்ததால், கால் நூற்றாண்டு அது நூலகத்தில் உறங்கிற்று. 1948-இல் அமெரிக்காவின் பிராமிங்காம் நகரில் 5,209 பேரைக் கொண்டு தொடங்கிய ஆராய்ச்சிதான் 1977-இல் அதனைத் தட்டி எழுப்பியது. நற்கொழுப்புக் குறைந்தவர், ஆணாயினும் பெண்ணாயினும், இதய நோய்க்கு எளிதில் இரையாயினர்.

இதற்கிடையில் வேறொரு துணிகரமும் நடந்தது. பெண்ணைக் காப்பது ஈஸ்ட்ரோஜன் எனில், அதை ஆணுக்கும் ஊட்டினால் என்ன? 1966-இல் தொடங்கிய அமெரிக்கச் சோதனையொன்றில், மாரடைப்புக் கண்டு பிழைத்த ஆடவர்க்கு அதைக் கொடுத்தார்கள். பலன் விபரீதம். மிகுந்த அளவு உண்ட பிரிவு 1970-இலும், குறைந்த அளவு உண்ட பிரிவு 1973-இலும் நிறுத்தப்பட்டன. சரி, பெண்களுக்கேனும் பயன்பட்டதா? மாதவிடாய் நின்ற 16,608 பெண்களிடம் நடந்த கூட்டு ஹார்மோன் சோதனையும் 2002-இல் நிறுத்தப்பட்டது. நற்கொழுப்பு உயர்ந்தது, இதய நோய் குறையவில்லை.

இங்கே தமனியின் விறைப்பை நோக்கவேண்டும். இளந்தமனி ரப்பர்க் குழாய் போல விரிந்து சுருங்கும். அது விறைக்க விறைக்க நாடியலை விரைந்தோடும். இத்தொடர்பை 1922-இல் பிராம்வெல்லும் ஹில்லும் கணக்கிட்டுக் காட்டினர். மாதவிடாய் நின்றபின் பெண்களின் தமனிகள் விரைவாக விறைக்கின்றன. அப்பொழுதும் அவர்களுடைய நற்கொழுப்பு ஆடவரினும் அதிகமே! ஆகவே அளவு மட்டும் காவலன் அன்று. அக்கொழுப்பு ஆற்றும் வேலையே மாறிவிடுகிறதோ என்று ஆராய்ச்சியாளர் ஐயுறுகின்றனர். நற்கொழுப்பை மருந்தால் வெகுவாக உயர்த்திய டார்செட்ரபிப் சோதனை, 15,067 பேரைக் கொண்டு நடந்து, மரணங்கள் மிகுந்ததால் 2006 டிசம்பரில் கைவிடப்பட்டதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

2001-இல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று, வளர்சிதைக் கோளாற்றைக் கணிக்க, ஆணுக்கு 40 மில்லிகிராமுக்கும் பெண்ணுக்கு 50 மில்லிகிராமுக்கும் கீழ்ப்பட்டதைக் குறைவென வகுத்தது. கணவனுக்குப் போதுமான 45, மனைவியின் சீட்டில் குறைவே.