புற்றுநோய் இம்யூனோதெரபியும் சிறுநீரக அழற்சியும்

உடலின் எதிர்ப்பாற்றலையே புற்றுநோய்க்கு எதிராக ஏவும் மருந்துகள் சிலரது சிறுநீரகத்தில் உண்டாக்கும் அழற்சி இது. இபிலிமுமாப், நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஆகியவை இம்மருந்துகளில் முதன்மையானவை.

இதன் வரலாறு மருந்துகளுக்கும் மூத்தது. கியோத்தோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோஞ்சோவின் குழு 1992இல் பிடி-1 என்ற மரபணுவைக் கண்டறிந்தது. அதன் வேலை உடனே விளங்கவில்லை. அந்த மரபணுவை நீக்கிய எலிகளை வளர்த்துப் பார்த்தனர். வயது ஏற ஏற அவற்றுக்கு மூட்டழற்சி வந்தது. லூபஸ் நோயில் வருவது போலச் சிறுநீரகமும் அழன்றது. இரத்தத்தை வடிகட்டும் முடிச்சுகளில் எதிர்ப்பொருள் படிந்திருந்தது. 1999இல் வெளியான இம்முடிவு, பிடி-1 என்பது எதிர்ப்பாற்றல் செல்களான டி செல்களின் கடிவாளம் என்று காட்டியது. கடிவாளத்தை அவிழ்த்தால் சிறுநீரகம் தப்பாது என்பதை, மருந்து வருவதற்கு 15 ஆண்டுகள் முன்பே எலிகள் சொல்லிவிட்டன. சிடிஎல்ஏ-4 என்ற மற்றொரு கடிவாளத்தை ஜேம்ஸ் ஆலிசன் ஆராய்ந்தார். அதை அவிழ்க்கும் இபிலிமுமாப் 2011இலும், பிடி-1 கடிவாளத்தை அவிழ்க்கும் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஆகியவை 2014இலும் ஒப்புதல் பெற்றன. ஹோஞ்சோவும் ஆலிசனும் 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மனிதரிடம் பாதிப்பு வேறு இடத்தில் நேர்கிறது. வடிமுடிச்சுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. சிறுநீர் நுண்குழல்களும் அவற்றின் இடைத்திசுவும் அழல்கின்றன. பயாப்சித் துணுக்கை நுண்ணோக்கியில் வைத்தால், குழல்களுக்கு இடையே டி செல்கள் மொய்த்திருப்பதைக் காணலாம். நோயாளிக்கு வலி இராது; சிறுநீர் வழக்கம்போலப் போகலாம். இரத்தத்தில் கிரியாட்டினின், பேச்சுவழக்கில் ‘உப்பு’, ஏறுவதே பெரும்பாலும் முதல் அடையாளம். மருந்து தொடங்கி மூன்று மாத அளவில் இது தெரியவருவது வழக்கம். ஒரு மருந்து பெறுவோரில் ஏறக்குறைய 2 விழுக்காட்டினருக்கும், இரண்டைச் சேர்த்துப் பெறுவோரில் 5 விழுக்காட்டினருக்கும் வருவதாக 2016இல் வெளியான தொகுப்பாய்வு கணக்கிட்டது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கு ஆபத்து மிகப் பெரிது: அவர்களில் பத்தில் நால்வர் அளவுக்கு அவ்வுறுப்பை உடல் நிராகரிக்கிறது.

மருந்தை நிறுத்தி, பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலோர் தேறுகின்றனர். காரணத்தை உறுதிசெய்யப் பயாப்சியே சிறந்த வழி.

ஓமெப்ரசோல், பான்டோப்ரசோல் முதலிய ‘கேஸ் மாத்திரைகள்’ இந்த அழற்சிக்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. கடையில் தானே வாங்கி அவற்றை விழுங்கிவருபவர், இம்யூனோதெரபியின் முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.