அம்போனில் எழுந்த குடியரசு

நம் அஞ்சறைப் பெட்டியில் மணக்கும் கிராம்பின் தாயகம் மொலுக்கத் தீவுகள். அவற்றுள் சிறியதாகிய அம்போனில், போர்ச்சுகீசியர் கோட்டையை டச்சுக்காரர் 1605இல் கைப்பற்றினர். பிற்காலத்தில் அத்தீவின் கிறித்தவ இளைஞர் பலர் டச்சுக் குடியேற்றப் படையில் சேர்ந்து ஊதியம் பெற்றனர். அவ்வூழியமே அவர்க்கு வினையாய் முடிந்தது.

1949 டிசம்பர் 27இல் ஆட்சியுரிமை இந்தோனேசியக் கூட்டாட்சிக்கு வழங்கப்பட்டது. சில திங்களிலேயே ஜகார்த்தா கூட்டாட்சியைக் கலைத்து ஒற்றையாட்சி நிறுவ முற்பட்டது. அஞ்சிய அம்போன் தலைவர்கள் 1950 ஏப்ரல் 25இல் தென் மொலுக்கக் குடியரசை அறிவித்தனர். கிழக்கிந்தோனேசிய மாநிலத்தின் நீதி அமைச்சராயிருந்த சௌமோகில் இதன் மூலவர். அம்போனிலேயே பிறந்த டாக்டர் லெய்மெனா சமரசம் பேசச் சென்றார், பயனில்லை.

கடல் முற்றுகை தொடங்கிற்று. ஜூலையில் புரு தீவிலும், செப்டம்பர் 28இல் அம்போனிலும் இந்தோனேசியப் படை இறங்கியது. படைத்தலைவர் கவிலாராங் தாமும் முன்னாள் டச்சுப் படை அதிகாரியே! ஒரே பள்ளியில் போர் பயின்றோர் எதிரெதிரே நின்றனர் எனலாம். குறி தவறாத அம்போன் வீரர்களால் இழப்பு மிகுந்தது. களத்தில் முன்னின்ற ஸ்லாமெட் ரியாடி நவம்பர் 4இல், விக்டோரியா கோட்டையருகே குண்டுபட்டு மாண்டார். அவருக்கு வயது 23. அப்போரில் கற்ற பாடத்தால் கவிலாராங் 1952இல் தனிச்சிறப்புப் படையொன்றை அமைத்தார்.

நகரம் வீழ்ந்தபின் சேரம் தீவின் காடுகளில் எதிர்ப்பு நீடித்தது. சௌமோகில் 1963 டிசம்பரில் பிடிபட்டு, 1966 ஏப்ரல் 12இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. அப்போரின்போது ஜாவாவில் டச்சுப் படையின் அம்போன் வீரர் பலர் இருந்தனர். அம்போனுக்கு அவர்களை அனுப்ப ஜகார்த்தா இசையவில்லை. அவர்கள் விரும்பாத இந்தோனேசிய மண்ணில் பணியிலிருந்து விடுவிக்க டச்சு நீதிமன்றம் இடந்தரவில்லை. எனவே 1951இல், குடும்பத்தாரோடு ஏறத்தாழ 12,500 பேர் நெதர்லாந்துக்குக் கப்பலேற்றப்பட்டனர். கரையிறங்கியதும் பணிநீக்க ஆணை! அரசு ஊழியம் புரியும் எவர்க்கும் நெஞ்சு பதறும் செய்தி இது. சின்னாளில் திரும்புவோம் என்று நம்பிய அவர்கள் முகாம்களில் குடியேற்றப்பட்டனர். அவற்றுள் ஒன்று வெஸ்டர்போர்க். போர்க்காலத்தில் ஜெர்மானியர் யூதர்களை அடைத்து வைத்த இடம். நாமோ ஆண்டுக்கொரு முறையேனும் ஊர் செல்ல இரயிலேறுகிறோம். அவர்தம் பிள்ளைகள் சிலர் 1975இலும் 1977இலும் அந்நாட்டு இரயில்களைத் துப்பாக்கி முனையில் மறித்தனர்.