திதி உண்டு, இடம் இல்லை

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் இறந்தவரின் நாள் பெரும்பாலும் மறப்பதில்லை. கொள்ளுத்தாத்தாவுக்குத் திதி எந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா என்று கேட்டால் வீட்டில் ஒருவராவது சொல்லிவிடுவார். அவரை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று கேட்டால் "ஏரிக்கரைப் பக்கம்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். காரணம் சடங்கிலேயே இருக்கிறது. தர்ப்பணத்தில் பெயர் சொல்லி எள்ளும் நீரும் இறைப்பது தந்தை, பாட்டன், பூட்டன் என்ற மூன்று தலைமுறைக்கு. அதை ஆற்றங்கரையிலும் செய்யலாம், கடற்கரையிலும் செய்யலாம்; புதைத்த மண்ணை மிதிக்க வேண்டியதில்லை. எரிப்பதே வழக்கமான குடும்பங்களுக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. புதைக்கும் வழக்கமுள்ள குடும்பங்கள் ஊர் மாறிப் போகும்போதுதான் இடம் கைவிட்டுப் போகிறது.

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இராமானுசரின் சீடரான கூரத்தாழ்வான் பிறந்த ஊர் அது. பெருஞ்செல்வராக இருந்தவர், செல்வத்தைத் துறந்து மனைவி ஆண்டாளுடன் திருவரங்கம் போனார் என்பது வைணவ மரபு. ஊர் அவரைத் தை மாதத்து அஸ்த நட்சத்திரத்தில் கொண்டாடுகிறது. அது அவர் பிறந்த நாள். வைணவர் ஆசாரியர்களைப் பிறந்த நட்சத்திரத்தில் நினைக்கிறார்கள். சைவர் நாயன்மாரை முத்தி பெற்ற நட்சத்திரத்தில், குருபூசையாக நினைக்கிறார்கள். இரண்டிலும் நினைவைத் தாங்குவது பஞ்சாங்கம்.

அதே கூரத்தில் நிலத்தைப் பற்றிய நினைவு வேறு விதமாகக் காப்பாற்றப்பட்டிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த கூரம் செப்பேடு, ஊரை ஊற்றுக்காட்டுக் கோட்டத்து நீர்வேளூர் நாட்டில் வைத்துச் சொல்கிறது. பரமேசுவரத் தடாகம் என்ற ஏரியையும், அதற்குப் பாலாற்றிலிருந்து வெட்டிய பெரும்பிடுகு என்ற வாய்க்காலையும், வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம் என்ற சிவன்கோயிலையும், மண்டபத்தில் பாரதம் வாசிக்க விட்ட பங்கையும் அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. வாய்க்காலுக்குப் பெயர் எழுதி வைத்த அந்தப் பண்பாடு, இறந்தவர் கிடக்கும் குழிக்கு எழுத அக்கறைப்படவில்லை. விதிவிலக்கு அரச குடும்பங்கள். அவர்களிலும் சிலரே.

இறந்தவரின் இடத்துக்குத் தமிழில் சொற்கள் பல. போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல், துறவிக்குச் சமாதி, வைணவ ஆசாரியருக்குத் திருவரசு, மன்னருக்குப் பள்ளிப்படை. பள்ளி என்றால் உறங்கும் இடம். மன்னன் இறந்தான் என்று சொல்லக் கூசிய காலத்தில் "துஞ்சினான்", உறங்கினான், என்றார்கள். சங்க காலத்திலேயே குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்று, ஒரே பெயருடைய மன்னரை இறந்த இடத்தால் பிரித்துச் சொல்லும் வழக்கம் இருந்தது. சோழர் கல்வெட்டுகள் அதையே தொடர்ந்தன. ஆகவே சோழக் குடும்பத்தின் அடக்க இடங்களைத் தேடுபவருக்கு முதல் தடயம் மன்னரின் பெயரிலேயே கிடைத்துவிடுகிறது.

வியப்பு என்னவென்றால், தஞ்சையை ஆண்ட அந்தக் குடும்பத்தார் பலர் துஞ்சியது காஞ்சியைச் சுற்றிய தொண்டை நாட்டில். முதலாம் ஆதித்தன் தொண்டைமானாற்றூரில் துஞ்சினான். இன்று ஆந்திர மாநிலத்தில் காளத்திக்கு அருகே தொண்டைமானாடு என்று வழங்கும் ஊர் அது. அவன் மகன் முதலாம் பராந்தகன் அங்கே கோதண்டராமேசுவரம் அல்லது ஆதித்தேசுவரம் என்ற கோயிலை எடுத்தான். அரிஞ்சயன் ஆற்றூரில் துஞ்சினான். அவனுக்குப் பேரன் முதலாம் இராசராசன் மேல்பாடியில் பள்ளிப்படை எடுத்தான். சுந்தர சோழன் காஞ்சிபுரத்துப் பொன்மாளிகையில் துஞ்சினான். அதனால் அவன் பொன்மாளிகைத் துஞ்சின தேவன். அவன் தேவி வானவன்மாதேவி கைக்குழந்தையை விட்டுவிட்டு உடன்கட்டை ஏறியதைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு சொல்கிறது. காஞ்சியில் அந்தப் பொன்மாளிகை எங்கே இருந்தது என்று இன்று காட்டுவார் இல்லை. நான்கு ராச வீதிகளும் பட்டுத்தறித் தெருக்களும் நிறைந்த நகரம், ஒரு அரண்மனையை முழுதாக விழுங்கிவிட்டது.

மேல்பாடி கிடைத்த கதை தேடலின் இயல்பைக் காட்டுகிறது. வேலூர் மாவட்டத்தில் பொன்னை ஆற்றங்கரையில் உள்ள அந்தச் சிறு கற்றளியை ஊரார் சோழீசுவரம் என்றே அறிவார்கள். ஆற்றூர்த் துஞ்சின தேவருக்குப் பள்ளிப்படையாக இராசராசன் எடுப்பித்த அறிஞ்சிகை ஈச்சுவரம் அது என்று சுவரில் உள்ள கல்வெட்டு தெளிவாகச் சொல்கிறது. கல்வெட்டறிஞர் ஊல்ட்ஷ் அதைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் பதிப்பித்தபோதுதான், ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டுக்குப் பிறகு, அந்தச் செய்தி கல்லிலிருந்து வெளியே வந்தது. கோயில் தொலையவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சோழன் என்ற சொல்லும் ஊர்வாயில் நின்றிருந்தது. எந்தச் சோழன், எதற்காக என்பது மட்டும் போய்விட்டது.

கும்பகோணத்தை அடுத்த பட்டீசுவரத்திலும் இதே நிலைதான். இராசராசனின் தேவியருள் ஒருவரான பஞ்சவன்மாதேவிக்கு முதலாம் இராசேந்திரன் எடுத்த பள்ளிப்படை, ஊரில் இராமநாதன் கோயில் ஆயிற்று. பள்ளிப்படை மேல் லிங்கம் வைத்து நித்திய பூசைக்கு நிலம் விட்டதன் பலன் இரு முனையுள்ளது. பூசை நடந்ததால் கட்டடம் பிழைத்தது. பூசை சிவனுக்கு நடந்ததால் உள்ளே யாரை நினைத்து எடுத்தார்கள் என்பது தேவைப்படாமல் போயிற்று. சாவுத்தீட்டு ஒட்டிய இடத்தில் கும்பிடுகிறோம் என்ற எண்ணத்தை மறப்பது பக்தருக்கும் வசதியாக இருந்திருக்கும்.

பிரம்மதேசம் இவற்றைவிடச் சிக்கலானது. திருவண்ணாமலை மாவட்டத்தில், காஞ்சியிலிருந்து எட்டிவிடும் தொலைவில் இருக்கும் ஊர். அங்குள்ள சந்திரமௌலீசுவரர் கோயில் கல்வெட்டு ஒன்று 1915-இல் படியெடுக்கப்பட்டது. முதலாம் இராசாதிராசனின் 26-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1044-இல், வெட்டியது. கங்கை வரை படை அனுப்பிய இராசேந்திரன் இறந்ததையும், தேவி வீரமாதேவி அவனோடு உயிர் நீத்ததையும், அவள் உடன்பிறந்தான் மதுராந்தகன் என்னும் பரகேசரி வேளான் அவர்கள் பொருட்டுத் தண்ணீர்ப்பந்தல் வைத்ததையும் அது சொல்கிறது. மேல்பாடியில் உள்ளது போல, இந்தக் கோயிலே பள்ளிப்படை என்று ஐயமறச் சொல்லும் தெளிவு இங்கே இல்லை. ஆயினும் இராசேந்திரன் சமாதி என்று கேட்டு வருவோர் இந்தக் கோயிலுக்குத்தான் வருகிறார்கள். உடன்பிறந்தாளின் தாகத்துக்கு அண்ணனோ தம்பியோ வைத்த தண்ணீர்ப் பந்தல், ஒரு பேரரசனின் கடைசி இடத்தைக் காட்டும் அடையாளமாக எஞ்சியிருக்கிறது.

கல்வெட்டு தராததை ஊர் நினைவு தர முடியுமா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது உடையாளூரில். பழையாறையை ஒட்டிய இந்த ஊரின் பால்குளத்தி அம்மன் கோயில் தூண் ஒன்றில், முதலாம் குலோத்துங்கனின் 42-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது, ஏறத்தாழ 1112. இராசராச தேவரான சிவபாத சேகர தேவரின் திருமாளிகை முன்பிருந்த பெரிய மண்டபம் பழுதானதையும் அதைப் புதுப்பித்ததையும் அது சொல்கிறது. இராசராசன் இறந்து நூறாண்டு ஆன பின் செய்த திருப்பணி. இதற்கு அப்பால் எல்லாம் ஒரே சொல்லில் நிற்கிறது. திருமாளிகை என்பது அரண்மனையா, கோயிலா, பள்ளிப்படையா? ஊரில் தனியார் நிலத்தில் சாய்ந்து நின்ற லிங்கம் ஒன்றை இராசராசன் சமாதி என்று காட்டினார்கள்; கூரை போட்டு விளக்கேற்றினார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அங்கே ஆய்வு செய்யச் சொன்னது; ட்ரோன் பறந்து நிலத்தைப் படமெடுத்தது. மண்ணுக்குள் இருந்து சமாதி என்று சொல்லத்தக்க எதுவும் வெளிப்படவில்லை. தூணும் லிங்கமும் ஒரே ஊரில் இருப்பதால் இரண்டும் ஒரே செய்தியைச் சொல்கின்றன என்று ஆகிவிடாது. தூண் வேறு இடத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்; பழைய கற்களைப் பெயர்த்துப் புதுக் கோயிலில் வைப்பது தமிழ்நாட்டில் அன்றாடக் காரியம்.

உரியவர் மறைந்த இடத்துக்கு ஊர் தானே ஒரு கதை கட்டிக்கொள்ளும் என்பதற்குப் பழைய சான்று, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தில் கல்வட்டம் சூழ்ந்து கிடக்கும் பெருங்கற்காலக் குழிகள். இவற்றைப் பாண்டவர் குழி என்பார்கள். வனவாசத்தில் ஐவர் தங்கியதாம். தாழிகளுக்கு இன்னொரு கதை: உயிர் போகாமல் குறுகிச் சிறுத்துப்போன கிழவர்களை உட்கார வைத்து விளக்கும் சோறும் வைத்து மூடிவிட்டார்களாம். மதுராந்தகம் அருகே சானூரில் 1950-இலும் 1952-இலும் தொல்லியல் துறை அகழ்ந்தபோது வெளிப்பட்டவை எலும்பும், கறுப்புச் சிவப்புப் பானைகளும், இரும்புக் கருவிகளும். கதை பொய்த்தாலும் ஒன்றில் ஊர் தவறவில்லை. அங்கே ஆள் வைத்திருக்கிறது என்பதை அது மறக்கவில்லை.

கூரத்துக்கு அண்டையில் உள்ள புள்ளலூர் போர்க்களங்களின் ஊர். மகேந்திரவர்மன் பகைவரை இங்கே வென்றதைக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. 1780 செப்டம்பர் 10 அன்று ஐதர் அலியும் திப்புவும், நான்காயிரத்துக்குச் சற்றுக் குறைந்த ஆளுடன் வந்த கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை இங்கேதான் அழித்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று சர் அயர் கூட் மறுபடி மோதினார். அதில் இறந்த கேப்டன் ஹிஸ்லாப், லெப்டினன்ட் கர்னல் பிரவுன் ஆகிய இருவருக்கும் கூர்நுனித் தூண்கள் வயல்வெளியில் நிற்கின்றன. இரண்டு போரிலும் செத்த சிப்பாய்களுக்கு, அவர்களில் பெரும்பாலோர் இந்நாட்டு ஆட்கள், ஒரு கல்லும் இல்லை. பெய்லி சிறைப்பட்டு 1782-இல் சீரங்கப்பட்டணத்தில் இறந்தார். லக்னோவில் ரெசிடெண்டாக இருந்த அவர் உறவினர் ஜான் பெய்லி 1816-இல் சீரங்கப்பட்டணத்தில் நினைவு மண்டபம் எழுப்பினார். குடும்பத்துக்குப் பதவியும் பணமும் இருந்தால் முப்பத்துநான்கு ஆண்டு கழித்தும் இடம் மீளும். சென்னை மாகாணத்துக் கல்லறை எழுத்துகளை ஜே. ஜே. காட்டன் 1905-இல் தொகுத்து வெளியிட்டது, அப்படித் தேடி வரும் குடும்பங்களுக்குக் கைவிளக்காயிற்று. தமிழ்க் குடும்பங்களின் சமாதிகளுக்கு அப்படி ஒரு தொகுப்பு எழுதப்படவில்லை.

அவற்றுக்கு இருந்தது ஆட்களின் நினைவு. தொண்டை நாட்டில் நிலமுள்ள குடும்பம் பெரியவரைச் சொந்தக் கொல்லையிலேயே அடக்கம் செய்து, மேலே செங்கல் மேடை கட்டி, விளக்கு வைக்க மாடக்குழி விட்டு, பக்கத்தில் வேம்போ வில்வமோ நட்டுவிடும். மேடை சரிந்தாலும் மரம் நிற்கும். மரமும் போனால் "சமாதிக் கொல்லை" என்ற பெயர் நிற்கும். எந்த மேடை யாருடையது என்று அறிந்தவர்கள் மூவர்: நிலக் கணக்கு எழுதிய கர்ணம், ஏர் ஓட்டியவர், குழி வெட்டியவர். குழி வெட்டும் வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் சேரி மக்கள் மேல் சுமத்தியிருந்தது ஊர். ஊரார் எல்லாருடைய அடக்க இடமும் அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய இடுகாடு வேறாக, பெரும்பாலும் மேடை கட்டக்கூட இடமில்லாத புறம்போக்கில் இருந்தது. ஊர் நினைவு என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் பெரும்பங்கு அவர்களுடைய நினைவு.

பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். சாதிப் பரம்பரை அதிகாரம் போனது நல்லதே. கூடவே, நிலத்தை அங்குலம் அங்குலமாக அறிந்த வாய்வழிக் கணக்கும் போயிற்று. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டன. பொது மயானம் வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் புறம்போக்காக இருக்கும். பட்டா நிலத்துச் சமாதிக்கு அங்கே தனி வரி இராது.

ஆகவே தேடுபவர் பதிவேட்டைவிடப் பழைய பத்திரங்களை நம்புவது மேல். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் சமாதி மேடையும் அதற்குப் போகும் வழியும் பொதுவில் விடப்பட்டிருப்பதுண்டு. விற்பனைப் பத்திரத்தின் நான்கெல்லையில் "சமாதிக்கு வடக்கு" என்று ஒரு வரி வருவதுண்டு. கூரம் செப்பேட்டுக் காலத்திலிருந்து வரும் அதே நான்கெல்லை வழக்கம்தான். புல எண்ணைப் பிடித்த பின்பே முதியவர்களிடம் போக வேண்டும். கேட்கும்போது பெயரைச் சொல்லிக் கேட்டால் ஊர் ஆமாம் என்றுவிடும். உடையாளூரில் நடந்தது அதுவே. "இந்த மேட்டில் ஏர் ஏன் ஓடாது", "ஆடியில் இங்கே யார் படையல் வைத்தார்கள்" என்று கேட்டால் பயன் உண்டு. வீட்டுப் பெண்கள் பூவாடைக்காரி என்று வணங்கும், சுமங்கலியாகவோ கன்னியாகவோ இறந்த முன்னோர் கதைகளில் ஊர்ப் பெயரும் திசையும் ஒளிந்திருக்கும். காஞ்சியில் பிள்ளையார்பாளையம் போன்ற தறித்தெருக்களில் குடியேறிப் பல தலைமுறை ஆன குடும்பங்களும் குலதெய்வத்துக்கு ஆண்டுக்கொருமுறை பழைய ஊர் போவதுண்டு. அந்தப் பாதையில் கேட்டுப் பார்ப்பதே முதல் வேலை.

இடம் பிடிபட்டாலும் நிலம் கைமாறியிருக்கும். புதிய அடக்க இடங்களுக்கு ஊராட்சி உரிமம் வேண்டும் என்று 1999-ஆம் ஆண்டு விதிகள் சொல்வதால், பழைய மேடைக்குப் பக்கத்தில் இன்னொருவரை வைப்பதும் எளிதன்று. நிலத்துக்காரர் மனமுவந்தால் ஆண்டுக்கொரு நாள் விளக்கேற்ற விடுவார். விடாவிட்டாலும், மேடையே இல்லாமல் போயிருந்தாலும், குலதெய்வத்துக்குச் செய்வது போலவே பிடிமண் எடுக்கிறார்கள். அந்த மேட்டில் ஒரு கைப்பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து, இப்போது இருக்கும் ஊரில் ஒரு மூலையில் வைத்து, மேலே மூன்று செங்கல் நட்டுக் கும்பிடுகிறார்கள்.