கொடைக்கானலுக்கு டூரா? இ-பாஸ் எடுத்தாச்சா? குரோம்பேட்டைவாசிகள் கவனத்துக்கு...

குரோம்பேட்டை:

வெயில் கொளுத்த ஆரம்பித்தால் ஜி.எஸ்.டி. ரோட்டில் வசிப்பவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கொடைக்கானல்தான். ஆனால் முன்பு மாதிரி நினைத்தவுடன் காரை எடுத்துக் கொண்டு மலை ஏறி விட முடியாது.

ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024-ம் ஆண்டு மே 7-ந்தேதி முதல் கொடைக்கானல், நீலகிரிக்கு செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் ஆக்கப்பட்டது. 2025 கோடை சீசனில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4 ஆயிரம், வார இறுதியில் 6 ஆயிரம் வாகனங்கள் என கட்டுப்பாடும் வந்தது. எனவே கார், வேனில் செல்வோர் வீட்டிலேயே இ-பாஸ் பதிவு செய்து விடுவது நல்லது. இல்லாவிட்டால் குழந்தைகளோடு செக்போஸ்ட்டில் தவிக்க வேண்டியதுதான்.

அரசு பஸ்சில் போனால் இந்த தொல்லை இல்லை. கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறலாம். ரெயில் என்றால் தாம்பரத்தில் பாண்டியன் எக்ஸ்பிரசில் ஏறி, கொடைரோட்டில் இறங்கணும். அங்கிருந்து சுமார் 80 கி.மீ. மலைப்பயணம்.

என்ன பார்க்கலாம்?

நட்சத்திர வடிவ ஏரி: 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் முயற்சியால் உருவானது. படகு சவாரி, சைக்கிள் சவாரி உண்டு.

பிரையண்ட் பூங்கா: ஏரி அருகிலேயே உள்ளது. மே மாத மலர் கண்காட்சி பிரசித்தம்.

கோக்கர்ஸ் வாக்: மலை விளிம்பில் சுமார் 1 கி.மீ. நடைபாதை. வெயிலும் பனிமூட்டமும் சேர்ந்து அமைந்தால், நம் நிழலே எதிரே மேகத்தில் விழும் அதிசயத்தை பார்க்கலாம்.

தூண் பாறை: சுமார் 400 அடி உயரம். மேகம் மூடி விட்டால் ஒன்றும் தெரியாது. காலையிலேயே போயிடுங்க.

குணா குகை: 1991-ல் வெளியான 'குணா' படத்தால் பெயர் பெற்றது. 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்துக்கு பிறகு கூட்டம் அதிகமானது. 2006-ல் கேரள வாலிபர் விழுந்து மீட்கப்பட்ட ஆபத்தான பள்ளம் இது. வேலியை தாண்டி செல்பி எடுக்கும் விளையாட்டே வேண்டாம்.

பேரிஜம் ஏரி: வனத்துறை அனுமதி வேண்டும். யானை நடமாட்டம் இருந்தால் மூடி விடுவார்கள்.

வெள்ளி நீர்வீழ்ச்சி: மலை ஏறும் வழியிலேயே உள்ளது. பாறை வழுக்கும், ஜாக்கிரதை.

குறிஞ்சிப்பூ பார்க்க ஆசையா? 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் இது, 2018-ல் பூத்தது. இனி 2030-ல்தான்.

மறக்காதீங்க...

5 லிட்டருக்கு குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு தடை உள்ளது. ஸ்வெட்டர், குல்லா அவசியம். பனிமூட்டத்தில் ஹெட்லைட் போட்டு மெதுவாக ஓட்டணும். இறங்கும்போது நியூட்ரலில் விடக்கூடாது. ஏறிய கியரிலேயே இறங்கினால் பிரேக் சூடாகாது, குடும்பமும் பத்திரமாக வீடு திரும்பும்.