பொதிந்து வைத்த பானை: ஓய்வுநாள் உணவு பற்றிய யூதச் சட்டத்தின் வரலாறு

பரிசேயரின் ஓய்வுநாள் விதிகளைப் பற்றிப் பேசும்போது நமது பிரசங்கங்களில் வழக்கமாக எழும் சித்திரம் ஒன்றுண்டு. மனிதனை மறந்து விதிகளை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தின் சித்திரம் அது. அதற்குச் சான்றாக மிஷ்னாவிலிருந்து சில விதிகள் எடுத்துக்காட்டப்படுவதும் உண்டு. சூடான பானையை எந்தப் பொருளால் பொதிந்து வைக்கலாம், எதனால் பொதியலாகாது என்னும் விதி அவற்றுள் ஒன்று. கேட்போர் நகைப்பர், பிரசங்கியார் அடுத்த குறிப்புக்குச் செல்வார். அந்த நகைப்பு நியாயமானதா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்பும் வினா. ஒரு பானையின் வரலாற்றைப் பின்தொடர்ந்து செல்வோமாயின், நாம் எதிர்பாராத இடங்களுக்கு அது நம்மை அழைத்துச் செல்லும்.

1. வேதவாக்கியம் எழுப்பிய வினா

ஓய்வுநாளில் வாசஸ்தலங்களில் நெருப்பு மூட்டலாகாது என்பது திட்டமான கட்டளை (யாத். 35:3). வனாந்தரத்தில் மன்னாவைச் சுடுவதும் வேவிப்பதும் முந்தின நாளிலேயே முடிக்கப்பட வேண்டியிருந்தது (யாத். 16:23). விறகு பொறுக்கினவனுக்கு நேர்ந்ததை எண்ணாகமம் 15ஆம் அதிகாரம் கூறுகிறது. இவை ஒருபுறம். மறுபுறம், ஓய்வுநாளை மனமகிழ்ச்சியின் நாள் என்று அழைக்க வேண்டுமென ஏசாயா அறைகூவுகிறார் (ஏசா. 58:13). நெருப்பில்லாத வீட்டில், ஆறிப்போன உணவின் முன் அமர்ந்து, மனமகிழ்ச்சியாயிருப்பது எப்படி? இவ்விரு வசனங்களுக்கும் இடையிலிருந்த இடைவெளியிலேதான் நாம் ஆராயும் சட்டம் பிறந்தது.

உணவை முன்கூட்டியே ஆயத்தம்பண்ணும் வழக்கம் பழமையானது. யூபிலி நூல் இதனை வற்புறுத்துகிறது. எசேனர் அந்நாளில் நெருப்பு மூட்டாதிருக்கும்படி முந்தின நாளிலேயே தங்கள் உணவைத் தயாரித்துக்கொண்டனர் என்று யோசேபஸ் எழுதுகிறார். 1910இல் வெளியிடப்பட்ட தமஸ்கு ஆவணமும், முன்பே ஆயத்தம்பண்ணப்பட்டதையன்றி வேறெதையும் ஓய்வுநாளில் உண்ணலாகாது என்கிறது. நற்செய்தி நூல்கள் வெள்ளிக்கிழமையை 'ஆயத்தநாள்' என்று அழைப்பதன் பின்னணியும் இதுவே. ஆனால் முந்தின நாளில் சமைத்த உணவைச் சூடாகவே வைத்துக்கொள்ளலாமா என்னும் வினாவுக்கு விரிவான விடையளித்தவர்கள் ரபீமார்களே.

2. மிஷ்னா கூறுவது

கி.பி. 200ஐயொட்டி ரபீ யூதா தொகுத்த மிஷ்னாவில் ஓய்வுநாள் பற்றிய பகுதி 24 அதிகாரங்களைக் கொண்டது. அவற்றுள் 3ஆம் அதிகாரம் அடுப்பைப் பற்றியது. 4ஆம் அதிகாரம் பொதிந்து வைப்பதைப் பற்றியது. வைக்கோலாலோ தாளடியாலோ எரிக்கப்பட்ட அடுப்பின்மேல் வெள்ளிக்கிழமை பானையை வைத்து விட்டுவிடலாம். அவை விரைவில் எரிந்து தணலின்றி அடங்கிவிடும். விறகாலோ ஒலிவப் பிண்ணாக்காலோ எரிக்கப்பட்ட அடுப்பாயின், தணலை வாரியெடுத்த பின்போ சாம்பலால் மூடிய பின்போதான் பானையை வைக்கலாம். இங்கு ஷம்மாயின் பள்ளி வெந்நீரை மட்டுமே அனுமதித்தது. ஹில்லேலின் பள்ளி சமைத்த உணவையும் அனுமதித்தது. இவ்விரு பள்ளிகளின் விவாதங்கள் முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மிஷ்னாவின் எல்லா விதிகளையும் இயேசுவின் காலத்துக்குக் கொண்டுசெல்வது பிழையாகும். எனினும் இவ்விவாதம் அக்காலத்துக்கு அண்மையானது என்று நாம் துணிந்து கூறலாம்.

பொதிந்து வைத்தலைக் குறிக்கும் எபிரெயச் சொல்லின் வேர், மறைத்தல், புதைத்தல் என்னும் பொருளுடையது. மோசே எகிப்தியனை மணலில் புதைத்ததும் (யாத். 2:12), யாக்கோபு அந்நிய தெய்வங்களைக் கர்வாலி மரத்தின்கீழ்ப் புதைத்ததும் (ஆதி. 35:4) இதே வினையால் சொல்லப்படுகின்றன. பானையின் சூடு வெளியேறாதபடி அதனைப் 'புதைத்து' வைப்பதே இச்செயல். எவற்றில் புதைக்கலாகாது? ஒலிவப் பிண்ணாக்கு, எரு, உப்பு, சுண்ணாம்பு, மணல் ஆகியவற்றில், அவை ஈரமாயினும் உலர்ந்தனவாயினும், புதைக்கலாகாது. வைக்கோல், திராட்சைத் தோல், பஞ்சுப் பிசிறு, புல் ஆகியவை ஈரமாயிருந்தால் ஆகாது, உலர்ந்திருந்தால் ஆகும். ஆடைகள், தானியங்கள், புறாவின் இறகு, தச்சனின் மரத்தூள், சணல் நாரின் சிம்பு ஆகியவற்றில் பொதிந்து வைக்கலாம்.

மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இப்பட்டியல் வேடிக்கையாகத் தோன்றும். ஆயினும் இதில் ஓர் ஒழுங்கு உண்டு. எருக்குவியலும் ஈர வைக்கோலும் தாமாகவே வெப்பம் கொள்வதை எந்த விவசாயியும் அறிவான். இவ்வாறு வெப்பத்தைக் கூட்டுகிற பொருள்கள் ஒருவகை. உள்ள வெப்பத்தைக் காக்கிற பொருள்கள் மற்றொரு வகை. முதல் வகை வெள்ளிக்கிழமையிலும் விலக்கப்பட்டது. இரண்டாம் வகை, பொழுது சாயும் முன்பாயின் அனுமதிக்கப்பட்டது. இருட்டிய பின்பு புதிதாகப் பொதிய இடமில்லை. ஆனால் முன்பே மூடி வைத்தது திறந்துகொண்டால் மீண்டும் மூடலாம்.

இந்த விதிகளின் போக்கைக் கவனிக்க வேண்டும். வீட்டுத் தலைவன் வெள்ளிக்கிழமை மாலையில் சொல்ல வேண்டிய மூன்று காரியங்களைக் கூறும் இடத்தில் (2ஆம் அதிகாரத்தின் முடிவு), இருட்டிற்றோ இல்லையோ என்று ஐயமான வேளையில் எவை செய்யலாம் என்னும் சிறு பட்டியலும் உண்டு. அப்போது விளக்கேற்றலாகாது, ஆனால் சூடான உணவைப் பொதிந்து வைக்கலாம். நாள் முழுதும் உழைத்துச் சற்றே தாமதித்துவிட்ட ஒரு குடும்பத்தின் இரவு உணவைச் சட்டம் இவ்விடத்தில் காப்பாற்றுகிறது.

3. வேலியின் நோக்கம்

தல்மூது இவ்விதிகளின் காரணங்களை ஆராய்கிறது. தணலுள்ள இடத்தில் பானையிருந்தால், உணவு விரைவில் வேக வேண்டுமென்று விரும்பி ஒருவன் தன்னையறியாமல் தணலைக் கிளறிவிடக்கூடும். இருட்டிய பின்பு பானையைப் பொதிகிறவன், அது ஆறியிருப்பதைக் கண்டு மீண்டும் சூடாக்க முற்படக்கூடும். ஆகவே சட்டத்தின் அச்சம் உணவைப் பற்றியதன்று. மனிதனின் பழகிப்போன கையைப் பற்றியது. ஆறு நாளும் அடுப்பைக் கிளறிய கை ஏழாம் நாளிலும் தானாக நீளும் என்பதை ரபீமார்கள் அறிந்திருந்தனர்.

உணவு ஓரளவு வெந்துவிட்டதாயின் கிளறும் ஆசையும் குறையும் என்பதால், 'பென் துரோசாயின் உணவு' என்னும் அளவு வகுக்கப்பட்டது. உணவு முழுதும் வேகும்வரை காத்திராமல் உண்ட ஒரு கள்வனின் பெயர் இது என்பர். மூன்றில் ஒரு பங்கு வெந்த நிலை என்று ராஷியும், பாதி வெந்த நிலை என்று மைமோனிதெசும் இதனை விளக்கினர். கள்வன் ஒருவனின் அவசரப் பசியே சட்டத்தின் அளவுகோலாயிற்று.

தல்மூது சொல்லும் கதை ஒன்றையும் இங்குக் குறிப்பிடலாம். ஓய்வுநாள் உணவுக்கு மட்டும் இத்துணை நறுமணம் எங்கிருந்து வருகிறது என்று பேரரசர் ஒருவர் ரபீ யோசுவா பென் அனனியாவை வினவினாராம். எங்களிடம் 'ஓய்வுநாள்' என்னும் வாசனைப் பொருள் ஒன்றுண்டு என்றார் ரபீ. அதில் எனக்கும் சிறிது தருக என்றார் அரசர். ஓய்வுநாளை ஆசரிப்பவனுக்கே அது பயன்தரும் என்பது ரபீயின் மறுமொழி. இந்த நறுமணத்தை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

4. பானை விசுவாசத்தின் அடையாளமாதல்

எட்டாம் நூற்றாண்டில் பாபிலோனிய யூதர் நடுவில் ஆனான் பென் தாவீது என்பவர் தோன்றினார். அவரைத் தம் முன்னோடியாகக் கொண்ட இயக்கத்தார் காராயர் எனப்பட்டனர். ரபீமார்களின் வாய்மொழி மரபை அவர்கள் மறுத்தனர். எழுதப்பட்ட வேதமே போதுமென்றனர். யாத். 35:3இன் வினைச்சொல்லை 'மூட்டாதிருங்கள்' என்று மட்டுமன்றி, 'எரிய விடாதிருங்கள்' என்றும் அவர்கள் கொண்டனர். எனவே முன்பே ஏற்றிய விளக்கும் அவர்களுக்கு விலக்கானது. இருளில் அமர்ந்து ஆறிய உணவை உண்பதே வேதத்துக்குக் கீழ்ப்படிதல் என அவர்கள் கருதினர். பதினைந்தாம் நூற்றாண்டில்தான் துருக்கிய நாட்டுக் காராயருள் ஒரு பகுதியார், முன்பே ஏற்றிய விளக்கை அனுமதித்தனர்.

இந்தச் சச்சரவில் சூடான பானை ஒரு விசுவாச அறிக்கையாயிற்று. கெரோனாவைச் சேர்ந்த செராகியா ஹலேவி, பன்னிரண்டாம் நூற்றாண்டில், ஓய்வுநாளில் சூடான உணவை உண்ணாதவன் மரபை மறுப்பவனோ என்று ஆராயப்பட வேண்டும் என்றும், உணவைப் பொதிந்து வைத்து மகிழ்பவனே உண்மையான விசுவாசி என்றும் எழுதினார். பதினாறாம் நூற்றாண்டில் கிராக்கோவின் மோசே இஸ்ஸர்லெஸ், யோசேப்பு காரோவின் சட்டத் தொகுப்புக்குத் தாம் எழுதிய குறிப்புகளில் இதே கருத்தை நிலைநாட்டினார்.

'வேதம் மட்டுமே' என்னும் கோட்பாட்டில் வளர்ந்த நாம் இங்குச் சற்று நின்று சிந்திக்க வேண்டியுள்ளது. எழுத்தை மட்டும் பற்றிக்கொண்டவர்களின் வீட்டில் அடுப்பு ஆறியிருந்தது. மரபைக் கைக்கொண்டவர்களின் வீட்டில் சூடும் விளக்கும் இருந்தன. மரபு எப்பொழுதும் சுமையையே கூட்டும் என்னும் நமது எண்ணத்துக்கு இவ்வரலாறு இணங்கவில்லை.

அப்பானைக்கு நாடுதோறும் ஒரு பெயர் உண்டு. 'சூடானது' என்னும் பொருளில் 'ஹமீன்' என்பது பழைய பெயர். ஸ்பெயினில் அது 'அதாஃபினா' எனப்பட்டது. புதைத்தல் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. வடபிரான்சிலும் ஜெர்மானிய நாடுகளிலும் 'சோலெந்த்' என்னும் பெயர் வழங்கிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வியன்னாவின் ஈசாக்கு பென் மோசே அதனைக் குறிப்பிடுகிறார். கிழக்கு ஐரோப்பிய ஊர்களில் பல வீட்டாரின் பானைகள் வெள்ளிக்கிழமையில் ரொட்டி சுடுபவரின் பெரிய அடுப்பில் ஒன்றாக வைக்கப்பட்டு, ஓய்வுநாள் தொழுகைக்குப் பின் வீடுகளுக்குக் கொண்டுபோகப்பட்டன.

5. பானை குற்றச்சான்றாதல்

இனி நாம் கூறப்போவது நமக்கு மகிழ்ச்சி தராத பகுதி. 1391இன் படுகொலைகளுக்குப் பின்பு ஸ்பெயினில் திரளான யூதர் ஞானஸ்நானம் பெற்றனர். பலர் அச்சத்தால் பெற்றனர். 1478இல் போப்பாண்டவரின் ஆணையால் விசாரணை மன்றத்துக்கு அனுமதி கிடைத்தது. 1492இல் ஞானஸ்நானம் பெறாத யூதர் நாட்டினின்று துரத்தப்பட்டனர். விசாரணை மன்றத்தின் அறிக்கைகள் ஆலயங்களில் வாசிக்கப்பட்டன. அயலாரிடத்தில் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் அவற்றில் வரிசையாகக் கூறப்பட்டன: வெள்ளிக்கிழமை மாலையில் விளக்கேற்றுதல், ஓய்வுநாளில் தூய ஆடை அணிதல், சனிக்கிழமைக்குரிய உணவை வெள்ளிக்கிழமையே சமைத்து வைத்தல். வீட்டு வேலைக்காரர் தம் எஜமானியின் பானையைப் பற்றிச் சாட்சி சொன்னார்கள். சமையலறை நீதிமன்றத்தின் சான்றுக்கூடமாயிற்று.

செவில் நகரை அடுத்த லோஸ் பாலாசியோஸ் ஊரின் குருவானவராயிருந்த அந்திரேஸ் பெர்னால்தெஸ், தம் வரலாற்று நூலில் மதம் மாறிய யூதரின் அதாஃபினாவைப் பற்றி வெறுப்புடன் எழுதுகிறார். எண்ணெயில் வதக்கிய வெங்காயத்தாலும் பூண்டாலும் அவர்கள் வீடுகள் நாறின என்பது அவரது முறைப்பாடு. தல்மூதின் பேரரசர் நறுமணத்தை நுகர்ந்து தனக்கும் ஒரு பங்கு கேட்டார். கிறிஸ்துவின் ஊழியக்காரரோ நாற்றத்தையே நுகர்ந்தார். பானை மாறவில்லை.

இது ரோமச் சபையின் பாவம் மட்டுமே என்று கூறி நாம் விலகிவிட இயலாது. லூத்தர் 1538இல் ஓய்வுநாள் ஆசரிப்போருக்கு எதிராகவும், 1543இல் யூதருக்கு எதிராகவும் எழுதியவை நமது நூலகங்களிலும் உள்ளன. ஒரு மக்களின் வழிபாட்டு ஒழுங்கை முதலில் நகைப்புக்குரியதாக்குவதும், பின்பு குற்றமாக்குவதும் தொலைவான இரு செயல்கள் அல்ல.

6. பிரசங்க பீடத்துக்கு

இயேசு ஓய்வுநாளில் பரிசேயருள் தலைவன் ஒருவனது வீட்டில் போஜனம்பண்ணச் சென்றார் (லூக். 14:1). அந்தப் பந்தியின் உணவு ஆயத்தநாளில் சமைக்கப்பட்டதாகவே இருந்திருக்கும். அவர் அதனை மறுக்கவில்லை. அப்பந்தியின் முன்னே நீர்க்கோவை வியாதியுள்ள ஒருவன் இருந்தான். அவனைக் குணமாக்கி, துரவில் விழுந்த எருதைப் பற்றி இயேசு கேட்டார். அந்த வாதம் ஓய்வுநாளைத் தள்ளிவிடுகிற வாதமன்று. ஓய்வுநாளின் நன்மை யாரை எட்ட வேண்டும் என்று உள்ளிருந்தே கேட்கிற வாதம். உயிருக்கு ஆபத்து நேரும்போது ஓய்வுநாள் விலகிநிற்கும் என்று மிஷ்னாவும் கூறுகிறது (யோமா 8:6). ஆபத்தில்லாத நோயாளியும் காத்திருக்கத் தேவையில்லை என்பதே இயேசு வைத்த அடுத்த படி.

சட்டம் சில வேளைகளில் சுமையாயிற்று என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. விதி விதியைப் பெற்றதையும் வரலாறு காட்டுகிறது. ஆனால் பானையைப் பொதிந்து வைக்கும் சட்டத்தைச் சுமைக்கு உதாரணமாகக் காட்டுவது உண்மைக்கு மாறானது. நெருப்பு மூட்டாதே என்னும் கட்டளையையும், மகிழ்ந்திரு என்னும் அழைப்பையும் ஒருங்கே காக்கத் தேடிய வழி அது. பிறனுக்கு விரோதமாய்ப் பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கும் கட்டளை பிரசங்க பீடத்துக்கும் உரியது. அடுத்த முறை மிஷ்னாவின் விதியொன்றை எடுத்துக் காட்டுமுன், அதைக் கைக்கொண்ட வீட்டுக்குள் ஒருமுறை நுழைந்து, அங்கே பந்தியில் யார் அமர்ந்திருந்தார்கள், அவர்களுக்கு என்ன பரிமாறப்பட்டது என்று பார்ப்பது நம் கடமையாகும்.