விரலுக்கும் கணினிக்கும் நடுவே

சென்ற நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்க முதலிபாளையத்திலிருந்து திருப்பூர் டவுனுக்குப் போயிருந்தேன். ஓய்வூதியம் வாங்கும் நம் போன்றவர்களுக்கு இது வருடாந்தரச் சடங்கு. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு அம்மா. கணவர் காலமானபின் குடும்ப ஓய்வூதியம் பெறுபவர். நம் சிட்கோ பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பல வருடம் செக்கிங் பார்த்தவராம். ரேகைக் கருவியில் ஏழெட்டுத் தடவை விரலை வைத்து வைத்து எடுத்தார். பதியவில்லை.

"ரேகை தேஞ்சு போச்சுங்கம்மா, இன்னொரு நாளைக்கு வாங்க" என்றார் அங்கிருந்த தம்பி.

"நான் உசுரோடதானே கண்ணு நிக்கறேன்?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா மெதுவாகப் படி இறங்கினார்.

அடுத்தது என் முறை. என் விரல் ஆயுசெல்லாம் பேனா பிடித்தது, தேய்வதற்கு நியாயமில்லை. அதுவும் பதியவில்லை. அப்போதுதான் தம்பிக்குச் சந்தேகம் வந்தது. கேபிளைப் பிடுங்கிச் செருகி, மென்பொருளை மறுபடி தொடங்கினார். உடனே பதிந்தது. அதுவரை கருவியில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அது கணினியோடு பேசவே இல்லை! வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். அந்த அம்மா ஏறிய பஸ் கிளம்பிவிட்டது.

இது மனதை அரித்தது. கோவையில் இன்ஜினீயரிங் படிக்கும் பேரன் வந்தபோது கேட்டேன். அவன் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஓய்வூதியருக்கும் கைரேகைக்கும் உள்ள தொடர்பு பழையது. 1858-ல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரிடம் பத்திரத்தில் கையெழுத்தோடு உள்ளங்கை அச்சையும் வாங்கினார். 1877-ல் ஹூக்ளியில் இருந்தபோது ஓய்வூதியம் பெறுவோரின் விரல் ரேகையைப் பதிவு செய்தார். இறந்தவர் பெயரில் வேறொருவர் பணம் வாங்கக் கூடாது என்பதற்காக. 2014 நவம்பர் 10 அன்று தொடங்கிய ஜீவன் பிரமான் திட்டத்துக்கு அதையே மூதாதை என்று சொல்லலாம். அன்று ரேகையைக் காகிதம் வாங்கிக்கொண்டது. இன்று கணினி வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு வழி வேண்டும்.

அந்த வழிதான் யுஎஸ்பி. எங்கள் அலுவலகத்துக்குக் கணினி வந்த புதிதில் மவுஸுக்கு ஒரு துளை, பிரிண்டருக்கு இருபத்தைந்து ஊசி கொண்ட பெரிய துளை என்று எல்லாம் தனித்தனி. இன்டெல், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் கூடி, 1996 ஜனவரியில் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே இணைப்பை வெளியிட்டன. அதில் முக்கியப் பங்கு, பரோடாவில் படித்து இன்டெல்லில் பணியாற்றிய அஜய் பட் என்பவருடையது. ஒரு கணினியில் 127 சாதனங்கள் வரை இணைக்கலாம் என்று கணக்கு.

அவர்கள் வகுத்த ஒரு விதி எனக்கு மிகவும் பழக்கமானது. கணினி கேட்காமல் சாதனம் வாய் திறக்கக் கூடாது. கலெக்டர் முன் குமாஸ்தா நிற்பது மாதிரிதான். ஒவ்வொரு சாதனத்துக்கும் தயாரித்த நிறுவனத்தின் எண் ஒன்று, பொருளின் எண் ஒன்று. பேரன் தன் லேப்டாப்பில் ஒரே ஒரு சொல்லைத் தட்டி எல்லாவற்றையும் பட்டியலாகக் காட்டினான். நம் தபால் பதிவேடேதான்!

ஆனால் துளை ஒன்றானாலும் பேச்சு ஒன்றாகவில்லை. ஒவ்வொரு விசேஷக் கருவிக்கும் தனி டிரைவர் எழுத வேண்டியிருந்தது. அது கணினியின் மூலஸ்தானமான கெர்னலுக்குள் உட்காரும். அங்கே ஒரு பிழை நேர்ந்தால் கணினியே நின்றுவிடும். இதற்கு மாற்றாக யோஹனஸ் எர்ட்ஃபெல்ட் என்பவர் சி மொழியில் லிப்யுஎஸ்பி என்ற லைப்ரரியை உருவாக்கினார். சாதனத்தை எண் சொல்லித் தேடு, திற, உரிமை எடு, அனுப்பு, வாங்கு, மூடு. சாதாரண நிரல்கூட, கெர்னலுக்குள் கை வைக்காமல், இந்த ஆறேழு கட்டளைகளால் கருவியோடு பேச முடிந்தது.

அதிலும் ஒரு குறை இருந்தது. கேள்வி கேட்டால் பதில் வரும்வரை நிரல் அப்படியே காத்து நிற்கும். பிரிண்டருக்கு அது போதும். ரேகைக் கருவியோ, மனிதன் எப்போது விரல் வைப்பான் என்று காத்திருக்கும் ஜாதி. மான்செஸ்டர் பல்கலைக்கழக மாணவர் டேனியல் டிரேக், தன் படிப்புக்கான வேலையாக லினக்ஸில் ரேகைக் கருவிகளை இயக்க முற்பட்டபோது இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டார். பழைய லைப்ரரியைத் தம் தேவைக்கேற்பப் புதிதாக எழுதினார். 2008 டிசம்பரில் லிப்யுஎஸ்பி 1.0 வெளிவந்தது. கேள்வியை அனுப்பிவிட்டு நிரல் வேறு வேலை பார்க்கும், பதில் வந்ததும் கவனிக்கும். மெமோ அனுப்பிவிட்டு அந்த மேஜை முன்னாலேயே நிற்காமல், அடுத்த ஃபைலை எடுக்கிறோமே, அதேதான்.

ஒரு விரல் ரேகைக்காகச் செய்த அந்த வேலையை இன்று கேமரா முதல் ஆய்வகக் கருவி வரை பலவகைச் சாதனங்களுக்கான மென்பொருள்கள் பயன்படுத்துகின்றன. யாரும் காசு கொடுப்பதில்லை. மூல நிரலையே எவரும் படித்துப் பார்க்கலாம்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் 'லிப்ரேரி' என்றால் புத்தகக் கடை. நூலகத்துக்கு 'பிப்லியோதெக்' என்று பெயர். முதல் வகுப்புகளில் இரண்டையும் குழப்பி மண்டையில் குட்டு வாங்கியிருக்கிறேன். கணினி லைப்ரரியையும் பிரெஞ்சுக்காரர்கள் பிப்லியோதெக் என்றே சொல்கிறார்கள். லிப்யுஎஸ்பி விஷயத்தில் அது ரொம்பப் பொருத்தம். கடையில் வாங்க வேண்டாம், எடுத்துப் பயன்படுத்தலாம்.

திருப்பூரில் நான் பார்த்த கருவி எந்த லைப்ரரியில் ஓடுகிறதோ, அதன் உள்ளே எட்டிப் பார்க்க நமக்கு வழியில்லை. அதனால்தான் பேச்சு அறுந்தபோது பழி அந்த அம்மாவின் விரல்மேல் விழுந்தது. இயந்திரத்தைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். அவர் படி இறங்கும்போது நானும் "தேய்ந்திருக்கும்" என்றுதானே நினைத்தேன்!

ஆகவே நண்பர்களே, ரேகை பதியவில்லை என்றால் உடனே திரும்பி வந்துவிடாதீர்கள். கையைக் கழுவித் துடைத்து, வேறு விரல் வையுங்கள். "கருவியைக் கழற்றி மாட்டுங்க தம்பி" என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். 2021 முதல் முகம் காட்டியும் சான்று கொடுக்கலாம். பின்னால் நிற்பவரின் விரல் பதிகிறதா என்றும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.